எஃப்எஃப்எம்பெக்: படங்கள் பத்திரம், சிவப்புக்கு மட்டும் காவல் இல்லை

தென்காசியில் பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் வீட்டு எலிவேஷன் (முகப்புப் படம்) போட்டுக்கொடுக்கும் தம்பி ஒருத்தர் கேட்டார்: “பிளெண்டர்லயே நேரா எம்பி4 வீடியோவா எடுத்துரலாமே அண்ணாச்சி, எதுக்கு ஆயிரக்கணக்குல பிஎன்ஜி படமா எடுத்து ஒட்டிக்கிட்டுக் கெடக்கீய?”

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கிவிட்டால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க ஓடும் ரெண்டருக்கு (3டி காட்சியைப் படம் படமாகக் கணக்கிட்டு எடுக்கும் வேலை) யூபிஎஸ் தாங்காது. எம்பி4 கோப்பில் எது எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் மெஷின் அணைந்தால் அதுவரை ஓடியதும் சேர்ந்து திறக்காமல் போய்விடும். பிஎன்ஜியாக எடுத்தால் போவது அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஃப்ரேம், அதாவது ஒரே ஒரு படம்தான். பிளெண்டரில் ‘ஓவர்ரைட்’ (இருப்பதன் மேலேயே எழுது) டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால், முடிந்த படங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடரும். கடைசிப் படம் அரைகுறையாக 0 கேபியில் நின்றிருந்தால் அதை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அதையும் முடிந்ததாக எண்ணித் தாண்டிவிடும்.

அந்தப் படங்களை வீடியோவாக்கப் பல வருஷமாக எனக்கு, கட்டளை எழுதி ஓட்டும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருள்தான். காசு கிடையாது, பழைய மெஷினிலும் ஓடும், ராத்திரி முழுக்க ரெண்டர் ஆனதை ஒரு டீ குடித்து வருவதற்குள் ஒட்டித் தந்துவிடும். தரத்தைச் சொல்லும் சிஆர்எஃப் எண்ணை 18 வைத்தால் கண்ணுக்குக் குறை தெரியாது. பிக்ஸல் ஃபார்மேட் (கலரைச் சேமிக்கும் முறை) ஒய்யூவி420பி என்று கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் 444 என்கிற வேறு முறையில் போய்ப் பல போன்களில் ஓடாது. அதற்கு அகலமும் உயரமும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். எண் வரிசையில் ஒரு படம் விட்டுப்போனால் அங்கேயே நின்றுவிடும். ஒருதடவை தெரிந்துகொண்டால் இதெல்லாம் ஒரு தொந்தரவே இல்லை.

ஃப்ரேம்ரேட் (விநாடிக்கு எத்தனை படம்) விஷயம் கொஞ்சம் கடுப்பேற்றும். நாம் சொல்லாவிட்டால் 25 என்று எடுத்துக்கொள்ளும். பிளெண்டரோ 24-ல் தொடங்குகிறது. 2 நிமிட வீடியோவுக்கு 2880 படங்கள். 25-ல் ஓடினால் 115 விநாடியில் முடிந்து, பின்னணியில் போட்ட நாதஸ்வரம் மட்டும் தனியாக வாசித்துக்கொண்டிருக்கும். கட்டளையில், உள்ளே போகும் படங்களுக்கு முன்னாலேயே ஃப்ரேம்ரேட் 24 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

எனக்கு ஆறாத கோபம் கலரில்தான். பத்தமடைப் பாய் விற்கும் ஒரு குடும்பத்துக்கு, பாய் மெல்லச் சுழன்று விரிகிற மாதிரி ஒரு வீடியோ செய்தேன். கல்யாணத்துக்கு மணமக்கள் பேர் போட்டு நெய்கிற பட்டுப் பாய். ஓரத்தில் அடர்ந்த சிவப்பு, நடுவில் பச்சைக் கட்டம். கோரையின் இழை ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி ரெண்டர் வந்திருந்தது. போனில் வீடியோவை ஓட்டி, பக்கத்தில் பாயின் ஓரத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா சொன்னார்: “தம்பி, இது எங்க சிவப்பு இல்லியே.” அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தது, பச்சை இருண்டிருந்தது. பிஎன்ஜியைத் திறந்தால் இரண்டும் அச்சு அசல்.

காரணம் இதுதான். பிஎன்ஜியில் இருப்பது ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்), வீடியோவுக்கு வேண்டியது ஒய்யூவி (வெளிச்சம் தனி, கலர் தனி). மாற்றும் கணக்கு இரண்டு வகை: பழைய எஸ்டி டிவிக்காக 1982-ல் வந்த பிடி601, ஹெச்டிக்காக 1990-ல் வந்த பிடி709. என்னிடம் இருக்கும் பதிப்பு, படம் எவ்வளவு பெரிதானாலும் 601-ல் மாற்றுகிறது. எதில் மாற்றினேன் என்று கோப்பில் குறிப்பதும் இல்லை. போனும் டிவியும் ஹெச்டி அளவைப் பார்த்து 709 என்று நினைத்துக்கொண்டு பிரிக்கின்றன. திரை நிறைய என்னென்னவோ எழுதித் தள்ளும் மென்பொருள் இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை எச்சரிப்பதில்லை. 2000-ல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் இதைத் தொடங்கியபோது வீட்டுக்கு வீடு எஸ்டி டிவி, அன்றைக்கு 601 நியாயம். இன்றைக்கு 4கே படத்துக்கும் அதே கணக்கு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரிசெய்யலாம். எஃப்எஃப்எம்பெக்கின் ஸ்கேல் ஃபில்டரில் வெளியே போகும் கலர் மேட்ரிக்ஸ் (மாற்றும் கணக்கு) பிடி709 என்று கொடுத்து, கலர்ஸ்பேஸ், பிரைமரீஸ், டிஆர்சி என்கிற மூன்று கலர் குறிப்புகளுக்கும் பிடி709 என்று கோப்பில் முத்திரையும் இட வேண்டும். என் பதிப்பில் முத்திரை மட்டும் போதாது, கணக்கும் மாற வேண்டும். இதையெல்லாம் ஒரு பேட்ச் ஃபைலில் (கட்டளைகளை மொத்தமாக ஓட்டும் கோப்பு) எழுதி வைத்திருக்கிறேன். அப்படி எடுத்துக் கொடுத்த வீடியோவைப் பார்த்து அந்த அக்கா பாயையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார், தலையசைத்தார்.

இவ்வளவு பாராட்டியும் இதையே எடுத்துக்கொள் என்று தம்பியிடம் சொல்லவில்லை. எலிவேஷன் வெள்ளைச் சுவருக்கு இது போதும். புடவை, பாய், நகை என்று கலரை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வேலை செய்தால் டாவின்சி ரிசால்வ் என்கிற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்புக்குப் போகச் சொன்னேன். பிஎன்ஜி வரிசை அங்கே ஒரே கிளிப்பாக வந்து உட்காரும், கண்ணால் பார்த்து எடுக்கலாம். நான் மாறப்போவதில்லை, என் பேட்ச் ஃபைல் எனக்கு ஓடுகிறது. ஆனால் கணிதம் படித்தால்தான் சிவப்பு சிவப்பாக வரும் என்கிற கருவியைப் புதிதாக வருகிறவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.