ஸ்டென்ட் வேண்டாம் என்று சொன்ன கிளினிக்

அப்பாவுக்கு 67 வயது. கொழும்பு, கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து செட்டியார் தெருக் கதிரேசன் கோவிலுக்கு நடந்துதான் போவார். போன வருடம் பாதி வழியிலேயே இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கத் தொடங்கியது. இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும், நடந்தால் திரும்ப வரும்.

முதலில் ஒரு தனியார் வைத்தியசாலைக்குப் போனோம். ஸ்கேன் செய்து, தொடை இரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். அடுத்த கிழமையே ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கலாம் என்று பல இலட்சத்துக்கு ஒரு கணக்கும் தந்தார்கள். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன், பதில் வரவில்லை. சிகரெட் குடிப்பாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை விட்டுப் போனது.

அப்புறம் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் இரத்தக்குழாய் கிளினிக்குக்குப் போனோம். காலை ஆறரைக்கு நம்பர் எடுத்தும் பதினொன்றேகாலுக்குத்தான் உள்ளே விட்டார்கள். கால் வருத்தக்காரர் வரும் இடத்தில் உட்கார வாங்கு போதாமல் இருப்பது சரியே இல்லை.

ஆனால் உள்ளே நடந்தது வேறு. டொக்டர் இரண்டு பாதங்களிலும் நாடி பார்த்தார். விரலிடுக்கிலும் குதிக்காலிலும் புண் இருக்கிறதா என்று தேடினார். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்து ஒரு எண் எடுத்தார்கள். அது 1க்குக் கிட்ட இருக்க வேண்டும், 0.9க்குக் கீழே என்றால் குழாய் ஒடுங்கியிருக்கிறது. அப்பாவின் இடது காலுக்கு 0.68. சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவரில் கல்சியம் படிந்து இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டலாம், அப்போது பெருவிரலில் பிரஷர் எடுக்க வேண்டும் என்றும் விளக்கினார்.

“காசு பிரச்சினை இல்லை டொக்டர், வைத்து விடுங்கோ” என்றார் அப்பா. டொக்டர் சிங்களத்தில் சொன்னதை இளம் தமிழ் டொக்டர் ஒருவர் மாற்றிச் சொன்னார்: “ஐயா, படுத்திருக்கும்போது வலி இல்லை, புண்ணும் இல்லை. இந்தக் கால் இப்போதைக்குப் போகாது. ஸ்டென்ட் வைத்தாலும் திரும்ப அடைக்கலாம். இதே அடைப்பு இருதயத்துக்கும் மூளைக்கும் வரலாம், முதலில் அதைத் தடுப்போம்.” இரத்தம் கட்டிபடாமல் இருக்கக் குளோபிடோகிரல், கொலஸ்ட்ரோலைக் குறைக்க அட்டோர்வாஸ்டட்டின் எழுதித் தந்தார்கள். சிகரெட்டை முற்றாக நிறுத்தச் சொன்னார்கள். இரவில் பாதம் வலித்தாலோ புண் ஆறாவிட்டாலோ திகதி பார்க்காமல் உடனே வரச் சொன்னார்கள்.

மற்ற மருந்து நடை. வலி நன்றாக வரும்வரை நடந்து, நின்று ஆறி, மீண்டும் நடக்க வேண்டும். இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆய்வுகளில் நல்ல பலன் தந்தது ஒருவர் கூடவே நின்று நடத்தும் பயிற்சிதான். பிரித்தானிய வழிகாட்டலும் கிழமைக்கு 2 மணித்தியாலம், 3 மாதம் என்று அதைத்தான் சொல்கிறது. இங்கே கிடைத்தது ஒரு தாள் மட்டும், அதுவும் தமிழில் இல்லை. அதனால் நானே பின்னேரங்களில் அப்பாவைக் காலிமுகத்திடலுக்குக் கூட்டிப்போய் ஃபோனில் நேரம் பார்த்து நடக்க வைத்தேன்.

அம்மாவின் வெரிகோஸ் நரம்புக்கும் (காலில் புடைத்து நிற்கும் இரத்தக்குழாய்) இதே பிரிவில்தான் சத்திரசிகிச்சை நடந்தது. அவரை எழுந்து நிற்கவைத்து, விழித்திருக்கும்போதே காலில் பேனாவால் குறி போட்டார்கள். பெயர் என்ன, எந்தக் கால் என்று மூன்று இடத்தில் கேட்டார்கள். “இவங்களுக்கு ஞாபகமே இல்லையா பிள்ளை?” என்று அம்மா சலித்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள கேள்விகள் அவை. கால் மாறி வெட்டாமல் இருப்பதற்கே அப்படிக் கேட்கிறார்கள் என்று சொன்னபிறகு அம்மா பேசவில்லை.

போகிறவர்கள் பழைய ஸ்கேனையும் குடிக்கும் குளிசைகளையும் கொண்டுபோங்கள். முழங்கால்வரை மடிக்கக்கூடிய உடுப்பு போடுங்கள். நான்கு மாதமாக அப்பா சிகரெட் தொடவில்லை. போன வெள்ளிக்கிழமை கதிரேசன் கோவில் வாசல்வரை ஒரே ஒரு தடவைதான் நின்றார்.