எச்சரிக்கை: தாத்தா காலத்து மேஸி டிராக்டரை ‘மொத்தமா பேசி’ பட்டறையில் விடாதீர்கள்

ஒடுகத்தூர் பக்கத்து ஒரு குடும்பம், தாத்தா விட்டுப்போன மேஸி 1035 டிராக்டரை நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் வேலைக்கு விட்டது. “தம்பி, ஒவ்வொண்ணா கேக்காதீங்க. மொத்தமா பேசிக்கலாம். வண்டியை விட்டுட்டுப் போங்க, புதுசாட்டம் தர்றேன்” என்றாராம் மேஸ்திரி. ஐந்து மாதம் கழித்து 1,18,000 ரூபாய் பில்லோடு, கண்ணைப் பறிக்கும் சிவப்பில் வண்டி வீடு வந்தது. நாற்பது மணி நேரம்கூட உழவு ஓடவில்லை. நீலப் புகை, சூடானால் ஸ்டார்ட் ஆகாத தொல்லை, தூக்கி நிறுத்திய கலப்பை தானாகத் தரைக்கு வருகிற லிஃப்ட். காட்பாடியில் வேறொரு மெக்கானிக் பிரித்தார். பில்லில் எழுதியிருந்ததையும் உள்ளே இருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறோம். இதே மாதிரி பில் வேறு இடங்களிலும் கிழிக்கப்படுவதால் இது ஒரு பட்டறையைப் பற்றிய பதிவு மட்டும் அல்ல.

முதல் பொய் பில்லிலேயே இல்லை. “இன்ஜின் ஜாம், கிராங்க் போயிடுச்சு” என்று வண்டி பட்டறைக்கு வந்த அன்றே சொல்லப்பட்டது. கிராங்க் என்பது பிஸ்டன்கள் சுற்றிவிடும் இன்ஜினின் முக்கியத் தண்டு. ஒன்பது வருஷம் கொட்டகையில் நின்ற இன்ஜின் இறுகத்தான் செய்யும். பெரும்பாலும் அது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவரான ஸ்லீவும் துருவில் ஒட்டிக்கொள்வதுதான். டீசலைத் தெளிக்கும் நாசில் மூன்றையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்து 50 மில்லி ஊற்றி, மூன்று நாள் ஊற விட வேண்டும். பிறகு கிராங்க் புல்லி நட்டில் நீளக் கைப்பிடி போட்டு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் பல இன்ஜின்கள் விட்டுக்கொடுக்கும். அதற்குள் செல்ஃப் அடிப்பதும், இன்னொரு டிராக்டரில் கட்டி இழுப்பதும் கூடாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைவது அப்படித்தான். ஏர் ஃபில்டரின் ஆயில் கிண்ணத்தையும், ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகிற குழாயையும் முதலில் திறந்து பாருங்கள். எலிக்கூடு இல்லாத கொட்டகை வண்டி அபூர்வம்.

பில்லில் ‘ரீபோர், பிஸ்டன் செட், ரிங்’ என்று 32,000 ரூபாய். ரீபோர் என்றால் தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சீராக்குவது. உள்ளே பழைய ஸ்லீவ், பழைய பிஸ்டன். ரிங் மட்டும் புதிது. தேய்ந்த ஸ்லீவின் உச்சியில், மேல் ரிங் போய் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே, தேயாத பகுதி வயல் வரப்பு மாதிரி ஒரு படியாக நின்றுவிடும். விரல் நகத்தை உள்ளிருந்து மேலே இழுத்தால் தட்டும். பழைய ரிங் அந்தப் படிக்கு ஏற்றபடி தேய்ந்திருக்கும். புது ரிங்கின் கூர்முனை அதில் போய் இடிக்கும்; ரிங் உடையும், இல்லையென்றால் பிஸ்டனில் ரிங் உட்காரும் காடி அகலும். அதோடு ஹோனிங் (கல்லால் தேய்த்து மெல்லிய கீறல் போடுவது) செய்யாத வழவழப்பான சுவரில் ரிங் உட்காரவே உட்காராது. நீலப் புகைக்குக் காரணம் இதுதான்.

இந்த மூன்று சிலிண்டர் சிம்ப்சன் இன்ஜினின் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 3.5 அங்குலம், அதாவது 88.9 மில்லிமீட்டர். டயல் கேஜால் மேல், நடு, அடி என்று மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். தேய்மானம் எட்டு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் எட்டு, 0.20 மி.மீ.) அளவை எட்டினால் ரிங் மட்டும் போடுவது வீண்செலவு, ஸ்லீவ் மாற்ற வேண்டும். ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். போர் அங்குலத்துக்கு மூன்று நான்கு தௌ என்பது கணக்கு. இங்கே 10 முதல் 14 வரை இருந்தால் சரி. அந்த வண்டியில் 40ஐத் தாண்டியது. இதைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும், ஆனால் சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டை மூடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். லேத்தில் போரிங் முடிகிற நாளில் நீங்களே அங்கே போய் நில்லுங்கள்.

எங்களுக்கு அதிகம் உறுத்தியது கிராங்க். பில்லில் ‘20 கிரைண்டிங், பேரிங் செட், 14,500’. அதாவது கிராங்கை 20 தௌ தேய்த்து, அதற்கேற்ற பேரிங் போட்டதாகக் கணக்கு. கழற்றிய பேரிங்கின் முதுகில் அச்சடித்திருந்தது 30. தாத்தா காலத்தில் இன்ஜின் ஒருமுறைகூடப் பிரிக்கப்படவில்லை என்று வீட்டார் உறுதியாகச் சொல்கிறார்கள். அப்படியானால் அது ஸ்டாண்டர்ட் கிராங்க். பத்து, இருபது, முப்பது என்று இன்னும் மூன்று ஆயுள் பாக்கி இருந்த பொருள். இப்போது உள்ளே இருப்பது கடைசி சைஸ். இன்னொரு முறை பேரிங் இறுகிப் பிடித்தால் கிரைண்டிங்குக்கு இடமில்லை, வேறு கிராங்க்தான் தேட வேண்டும். கிராங்க் மாற்றப்பட்டதா, ஒரேயடியாக 30க்குத் தேய்க்கப்பட்டதா? நிரூபிக்க வழி இல்லை, ஏனென்றால் முன்பு எடுத்த ஒரு புகைப்படம் இல்லை. கிராங்க் இறங்கிய உடனே அதன் வார்ப்பு எண்ணைப் படம் எடுங்கள். வேலை நடக்காத முகப்பில் சென்டர் பஞ்சால் உங்களுக்கு மட்டும் தெரிந்த மூன்று புள்ளி வையுங்கள். மைக்ரோமீட்டர் அளவைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். பிளாக், ஹெட், பம்பு எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

அடுத்தது ‘பம்பு, நாசில், 21,000’. இது டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் பம்பு. ரோட்டரி பம்பு உள்ள இன்ஜினில் சூடானபின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் சந்தேகம் பம்புக்குள் இருக்கும் ஹெட் (இன்ஜின் ஹெட் அல்ல), அதற்குள் சுழலும் ரோட்டார் மேல்தான். இரண்டும் தேய்ந்தால், சூட்டில் இளகிய டீசல் இடைவெளி வழியே பின்னால் கசிந்துவிடும். ஸ்டார்ட்டிங் வேகத்தில் அழுத்தம் ஏறாது. சோதனை எளிது. வண்டி சூடாக நின்றுபோனதும் பம்பின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிஷத்தில் ஸ்டார்ட் ஆனால் நோய் அதுவே. வேலூர் வெயிலில் மதியம் நின்ற வண்டி சாயங்காலம் ஒரே அடியில் கிளம்புவதும் இதே காரணத்தால்தான், வண்டிக்குக் கோபமோ தாபமோ இல்லை. அந்த வண்டியின் பம்பில் பெயர்த்தகடே காணோம். தகட்டில் இருக்கும் வகை எண்ணையும் வரிசை எண்ணையும் முன்பே குறித்திருந்தால் பம்பு மாறியதா என்று உடனே தெரிந்திருக்கும். நாசில் மூன்றின் உடம்பிலும் ஒரே குறியீடு இருக்க வேண்டும். இங்கே இரண்டு ஒரு வகை, ஒன்று வேறு வகை. பம்பு கடையில் கை டெஸ்டரில் போட்டு உங்கள் கண்முன் அடிக்கச் சொல்லுங்கள். பனிப்புகை மாதிரி தெளித்து, டக்கென்று நிற்க வேண்டும். முனையில் சொட்டு தொங்கினால் அது புது நாசில் இல்லை, இல்லையென்றால் கெட்ட நாசில்.

லிஃப்டில் 13,500 ரூபாய்க்கு ‘பம்பு மாற்றம்’. இந்த வகை மேஸியில் ஹைட்ராலிக் பம்பு பின் ஹவுசிங்குக்குள் கியர் ஆயிலில் மூழ்கியிருக்கும், பி.டி.ஓ. தண்டுதான் (இன்ஜின் விசையை வெளிக் கருவிகளுக்குத் தரும் தண்டு) அதைச் சுற்றும். பி.டி.ஓ. லீவரைப் போடாமல் லிஃப்ட் தூக்காது. இது தெரியாத வாரிசுகளிடம் “பம்பு செத்துடுச்சு” என்று சொல்வது சுலபம். முதலில் லீவரைப் போட்டு, ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, வடித்து மாற்றுங்கள். தூக்குகிறது, ஆனால் இன்ஜினை நிறுத்தியதும் கலப்பை வேகமாக இறங்குகிறது என்றால் கசிவு பெரும்பாலும் லிஃப்ட் சிலிண்டரின் பிஸ்டன் ரிங்கிலும் சீலிலும் இருக்கும். அது சில நூறு ரூபாய் சாமான், கூலி மட்டும் கூடுதல். அந்த வண்டியில் பம்பு தொடப்படவே இல்லை என்று ஹவுசிங் மூடியின் பழைய கேஸ்கெட்டே சாட்சி சொன்னது.

ரேடியேட்டர் ‘சர்வீஸ்’ 6,000. போனது செம்பு கோர், பித்தளைத் தொட்டி, வந்தது அலுமினியம். காயலாங்கடையில் செம்புக்கு என்ன விலை போகும் என்று மேஸ்திரிக்குத் தெரியும், வீட்டாருக்குத் தெரியாது. காந்தம் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை, இரண்டிலும் ஒட்டாது. பெயின்ட்டுக்கு அடியில், கோரின் ஓரத்தில் அரத்தால் லேசாகக் கீறுங்கள். செம்பு சிவக்கும், அலுமினியம் வெளுக்கும். போர்வெல் உப்புத்தண்ணீர் ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரில் சுண்ணாம்பு படிந்து குழாய் அடைத்திருக்கும். தொட்டியைப் பிரித்துக் குச்சி விட்டுச் சுத்தம் செய்து பற்றவைத்தாலே பழைய செம்பு கோர் பல வருஷம் உழைக்கும்.

வயரிங், செல்ஃப் 9,000. அதில் பெரிய குறை இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

டிங்கரிங், பெயின்டிங் 22,000. எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே ஸ்ப்ரே அடித்ததால் ஒரே மழையில் பானெட்டில் கொப்புளம். துருவைச் சுரண்டி எடுத்து, தின்னரால் துடைத்து, பிரைமர் அடித்து, காய விட்டு, அதன் பிறகே பட்டி (பள்ளம் நிரப்பும் பசை). இந்த வரிசை மாறினால் கலர் நிற்காது. அதைவிடப் பெரிய சேதம் வேறு. சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் பட்டி அப்பி, தேய்த்து, எண் பாதி மங்கிவிட்டது. தாத்தா பெயரிலிருந்து மாற்றப் போகும்போது ஆர்.டி.ஓ. ஆபீஸில் பார்க்கப்போவது அந்த எண்ணைத்தான்.

அதனால் காகிதத்தை முதலில் முடியுங்கள். உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31. டி.என். 23 வண்டிக்கு வேலூர், டி.என். 73 என்றால் ராணிப்பேட்டை. தேதி எப்போதோ தாண்டியிருந்தாலும் வேலையைத் தொடங்குமுன் போய்க் கேளுங்கள். 15 வருஷப் பதிவு முடிந்திருந்தால் புதுப்பிக்கப் படிவம் 25. பட்டறைக்காரர் “வேற பிளாக் போட்டுடலாம்” என்றால் உடனே தலையாட்டாதீர்கள். இன்ஜின் எண் பிளாக்கில்தான் இருக்கிறது; அது மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஒப்புதல் வேண்டும்.

டயரில் இந்தக் குடும்பம் தப்பித்தது. 12.4-28 பின் டயரும் 6.00-16 முன் டயரும் அவர்களே கடையில் வாங்கினார்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். புது டயர் என்று பழைய சரக்கைத் தள்ளுவது அதில் தெரிந்துவிடும்.

சாமானை நீங்கள் வாங்குங்கள், பட்டறைக்குக் கூலி மட்டும் பேசுங்கள். லேத், பம்பு கடை இரண்டுக்கும் நேரில் போய்ச் சீட்டு வாங்குங்கள். முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வண்டி திரும்பியதும் டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கையில் 12 தௌ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முதல் 50 மணி நேரம் பாரம் ஏற்றாமல் லேசான வேலை, பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் புகார் சொல்லலாம். இரண்டுக்கும் பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்த்த இரண்டாவது மெக்கானிக் அளவுகளை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் கூடுதல் பலம்.

வேலைக்கு விடும் நாளில் சீட்டில் இந்த வரியை எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள்: “கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தும், நட்டு போல்ட் உட்பட, வண்டியோடு சாக்கில் கட்டித் திருப்பித் தரப்படும். திருப்பித் தராத பாகத்துக்குக் கூலியும் இல்லை, சாமான் விலையும் இல்லை.” கையெழுத்துப் போடத் தயங்குகிற இடத்திலிருந்து வண்டியை அன்றே ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.