பின்சீட்டில் அக்கா: கோத்தகிரி – கொடைக்கானல், 350 சிசி வண்டி அனுபவம்

நான் ஓட்டும் இந்த 350 சிசி பைக்கை எடுக்கலாமா என்று கூடலூர் நண்பர் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அண்ணனும் தம்பியுமாக ஒரே வண்டியில் தூரமாக ஒரு சுற்றுப் போய்வர வேண்டுமாம். பின் பிரேக்கின் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), அதை அழுத்திப் பிடிக்கும் பேடு இரண்டையும் மாற்றிவிட்டு வந்த சூட்டில் எழுதுகிறேன், அதனால் கோபம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். 350 சிசி, ஒற்றைச் சிலிண்டர், ஐந்து கியர், முன்னும் பின்னும் டிஸ்க், பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், இதெல்லாம் கேட்பவருக்கே தெரியும். நான் சொல்ல வந்தது பின்சீட்டைப் பற்றி.

அதற்கு முன்னால் எஞ்சினுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஆடி மாதம் நானும் அக்காவும் கோத்தகிரியிலிருந்து கிளம்பி மேட்டுப்பாளையம், கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகப் பெருமாள்மலையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய், அங்கிருந்து கொடைக்கானலும் சுற்றிவிட்டு அதே வழியில் திரும்பினோம். ஒரு மலையை இறங்கி, சமவெளியைக் கடந்து, இன்னொரு மலையை ஏற வேண்டும். ஒரு வண்டியின் குணம் முழுக்கத் தெரிய இந்த ஒரு பாதை போதும். பழனி சுமார் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 7,000 அடி, நடுவில் 64 கிலோமீட்டர்தான். வரதமாநதி அணையைத் தாண்டினால் ஏற்றம் பிடித்துக்கொள்ளும், சவரிக்காடு வரைக்கும் வளைவுக்கு மேல் வளைவு. இரண்டு பேர், இரண்டு பை, சித்திக்கென்று அக்கா மடியில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்த வர்க்கிப் பொட்டலம், இவ்வளவு பாரத்தோடும் கொண்டை ஊசி வளைவில் ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்த பிறகும் செகண்ட் கியரிலேயே இழுத்துக்கொண்டு போனது. கிளட்சைப் பாதி பிடித்துக் கெஞ்ச வேண்டிய வேலையே இல்லை.

7,000 அடியில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும், வண்டியின் சக்தியும் அதே கணக்கில் குறையும். அப்பாவின் பழைய கார்புரேட்டர் வண்டி மேலே ஏற ஏற பெட்ரோல் அதிகமாகித் திணறும், காலையில் சோக் இழுத்துப் பத்து உதை உதைக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது மலைக்காரர்களுக்குக் கிடைத்த பெரிய வரம் என்பேன். காற்று குறைந்தால் பெட்ரோலை அதுவே குறைத்துக்கொள்கிறது. சித்தி வீட்டு வாசலில் பனியில் நனைந்து நின்ற வண்டி காலையில் ஒரே அழுத்தில் எழுந்துகொண்டது, எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இறக்கத்திலும் அப்படித்தான். ஏறின கியரிலேயே இறங்கு என்று எங்கள் பக்கத்து லாரி டிரைவர்கள் சொல்வார்கள். செகண்டில் போட்டுவிட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. தனியாகக் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது பாதி வழிக்கு நான் பிரேக்கைத் தொடுவதே இல்லை.

தனியாக என்று சொன்னேன் பாருங்கள், சிக்கல் அங்கேதான். பின்சீட்டு முன்பக்கம் பார்த்துச் சரிந்திருக்கிறது. கடையில் ஸ்டாண்டு போட்டு நிற்கும்போது பார்த்தால் தெரியாது. மேல் உறை வழவழப்பான ரெக்சின். பிடித்துக்கொள்ளும் கம்பி எங்கோ பின்னால், டெயில் லைட்டுக்கு மேலே. ஏற்றத்தில் அந்தக் கம்பி உதவும், அதைக் குறை சொல்லவில்லை. இறக்கத்தில் உடம்பு முன்னால் சரியும்போது பின்னால் கையை நீட்டிக்கொண்டு தோள் கழலப் பிடித்திருந்தால்தான் உண்டு. பேன்ட் போட்டிருந்தாலும் வழுக்கத்தான் செய்கிறது, சுடிதார் என்றால் கேட்கவே வேண்டாம்.

திரும்பி வரும்போது பெருமாள்மலையில் பிரிந்து பழனி ரோட்டில் இறங்கத் தொடங்கியதும், ஒவ்வொரு முறை முன்பிரேக்கைத் தொட்டபோதும் அக்கா என் முதுகில் வந்து மோதினாள். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடித்துக்கொள்ளும் சத்தம் எரிச்சலாக இருக்கும். நாலைந்து வளைவுக்கு அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். என் இடுப்புக்கு இருபுறமும் கையை விட்டு, பெட்ரோல் டேங்கின் மேல் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, கையை விறைப்பாக வைத்துக்கொண்டாள். வளைவு வருவதற்கு முன்பே முழங்கை இறுகுவது எனக்கு விலாவில் தெரியும். "டேய், நீ ரோட்டைப் பாரு, நான் பிடிச்சுக்கிறேன்" என்றாள். அடிவாரம் வந்து டீக்கடையில் இறங்கியபோது மணிக்கட்டு இரண்டும் வீங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் மேசையிலேயே வைத்துக் குடித்தாள். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் வயிறெரிந்தது.

அவள் முன்னால் வந்து மோதக் கூடாது என்றே நான் முன்பிரேக்கை மெதுவாகத் தொட்டுப் பின்பிரேக்கில் பாரத்தைப் போட வேண்டியிருந்தது. இரண்டு பேர் பாரத்தில் எஞ்சின் பிடிப்பு மட்டும் பத்தாது. பேடு தேய்ந்து இரும்பு தெரிய, டிஸ்க் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. கழற்றிப் பார்த்த மெக்கானிக், "டபுள்ஸ்ல மலை இறங்குற வண்டி எல்லாம் பின்பேடு இப்படித்தான் வருது தம்பி" என்றார். அப்படியே பிரேக் ஆயிலையும் மாற்றச் சொன்னார். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறின ஆயில் சூட்டில் சீக்கிரம் கொதித்துவிடும், அப்புறம் பெடல் பொதுக்கென்று உள்ளே போகும். மலையில் வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாற்றுங்கள்.

சர்வீஸ் சென்டரில் சீட்டைப் பற்றிக் கேட்டேன். டிசைனே அப்படித்தான் சார் என்றார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123, பைக்கில் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க ஃபுட்ரெஸ்டும் பின்சக்கரத்துக்கு மறைப்பும் இருக்க வேண்டும் என்கிறது. இந்த வண்டியில் மூன்றும் இருக்கின்றன, சட்டப்படி ஒரு குறையும் கிடையாது. ஆனால் கைப்பிடியை அங்கே வைத்தவர் ஒரு நாளாவது யாரையாவது பின்னால் உட்காரவைத்து மலை இறங்கியிருப்பாரா? எஞ்சினுக்கு அவ்வளவு யோசித்தவர்களுக்குப் பின்னால் இருப்பதும் ஒரு ஆள்தான் என்று தோன்றாமல் போனதை என்னால் பொறுக்க முடியவில்லை. நம் ஊரில் பைக்கில் தனியாகப் போகிறவர்கள் எத்தனை பேர்? அக்கா, அம்மா, மனைவி, பிள்ளை என்று யாராவது ஒருவர் பின்னால் இருந்துகொண்டே இருப்பார்கள்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு சீட் கடைக்காரர் டீ குடிக்கிற நேரத்தில் பழுதைக் கண்டுபிடித்தார். பின்சீட்டின் முன்விளிம்பில் ஃபோம் வைத்து உயர்த்தி, சொரசொரப்பான உறை போட்டுத் தைத்தார். சரிவு போய்விட்டது. இப்போது அக்கா டேங்கில் கை ஊன்றுவதில்லை. ஆனால் உட்காரும் உயரம் கூடிவிட்டதால் முழு எதிர்காற்றும் அவள் மேல்தான் அடிக்கிறது. உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி இருக்கும் என்று தெரியும்தானே, காற்றாலைகளை அங்கே சும்மா நட்டு வைக்கவில்லை. அந்த ஆடிப் பயணத்தில் போகும்போது பொள்ளாச்சி தாண்டியதும் அவள்தான் ஓட்டினாள், நான் பின்னால் இருந்தேன். பக்கவாட்டுக் காற்றில் வண்டி கனமாக இருப்பது நல்லதுதான், அசையாமல் நேராகப் போனது. அதற்கும் ஒரு மார்க் போட்டுவிடலாம்.

நண்பருக்கு இன்னொரு விஷயம். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும். நம்முடைய நீலகிரிப் பதிவான டிஎன் 43 நம்பருக்கு நீலகிரிக்குள்தான் விலக்கு, கொடைக்கானலுக்குப் போனால் நாமும் வெளியூர் வண்டிதான். கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

சரி, வாங்கலாமா? தனி ஆளாக மலை ஏறி இறங்கப் போகிறீர்கள் என்றால் இந்த எஞ்சினுக்காகவே நாளைக்கே எடுங்கள். அண்ணனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போவதற்கு என்றால் எடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் எடுக்காதீர்கள். சீட்டு, பேடு, டிஸ்க் என்று தனியாகக் காசு எடுத்து வைக்க வேண்டி வரும், அதற்குள் அண்ணனின் மணிக்கட்டும் போயிருக்கும். நான் என் வண்டியை விற்கப் போகிறேனா என்று கேட்டால், மாட்டேன். வால்பாறைப் பக்கம் மழை விட்டதும் ஆழியாறிலிருந்து அந்த 40 கொண்டை ஊசி வளைவும் ஏற வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இந்தத் தடவை ஏற்றம் முழுக்க அவள் ஓட்டுவாளாம்.