மீன் சாப்பாடு அருமை. வண்டியை என் ஜன்னலில் நிறுத்தாதீர்கள்

பாம்பனில் நெடுஞ்சாலையிலிருந்து தென்கடல் பக்கம் இறங்குகிற எங்கள் தெருவின் முனையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பச்சைத் தகரக் கூரை, வாசலில் இரண்டு மண்பானை, கல்லாவுக்கு மேலே மாதா படம். பெயரை எழுதப் போவதில்லை. கடைக்காரத் தம்பியின் முகத்தில் நான் தினமும் விழிக்க வேண்டும், அவரும் என் முகத்தில் விழிக்க வேண்டும். பாலம் தாண்டி வருகிறவர்களுக்கு அடையாளமும் தேவையில்லை. பகல் பன்னிரண்டரைக்கு எந்தத் தெருமுனையில் நான்கு வேன்கள் குறுக்கும் நெடுக்குமாக நிற்கின்றனவோ, அதுதான் கடை.

அந்தக் கடையிலிருந்து மூன்றாவது வீடு என்னுடையது. தையல் வேலை செய்கிறேன். தெருவைப் பார்த்த ஜன்னலோரம் மிஷின் கிடக்கிறது. ஆகவே அந்தக் கடைக்கு யார் வருகிறார்கள், எத்தனை பேர், எதில் வருகிறார்கள் என்பது கடைக்காரரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் இருப்பதால் அதை மறைத்தால் அநியாயம். குழம்பு எங்கள் ஊர்க் குழம்பு. ராமநாதபுரம் முண்டு வற்றலை வறுத்து, தேங்காயோடு சேர்த்து அரைத்து ஊற்றுகிறார்கள். முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார் தம்பி. ஒட்டாவிட்டாலும் குழம்பின் நிறமே சொல்லிவிடும். கடையில் விற்கும் பொடியில் அந்த அடர்த்தியான சிவப்பும் வராது, தொண்டையில் மெதுவாக ஏறுகிற அந்தக் காரமும் வராது. மாங்காய்க் காலத்தில் புளியைக் குறைத்து மாங்காய்த் துண்டு போடுகிறார்கள். அந்த நாட்களில் குழம்புக்கு மட்டும் தூக்குச்சட்டியோடு போவேன். சொந்தப் பாத்திரம் கொண்டுபோனால் பத்து ரூபாய் குறைத்துக்கொள்வார்.

முரல் மீன் பொரியல் கிடைக்கிற நாளில் வேறு எதையும் கேட்காதீர்கள். உடம்பில் நெருக்கமாகக் கீறி, மசாலா தடவி, இரும்புக் கல்லில் போட்டு எடுக்கிறார்கள். தோல் அப்பளம்போல உடையும், உள்ளே சதை வெள்ளையாக இதழ் இதழாகப் பிரியும். முரலின் நடுமுள் பச்சையாக இருக்கும். போன மாதம் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் பார்த்து, மீன் கெட்டுவிட்டது என்று தட்டைத் திருப்பி அனுப்பியது. அன்று பார்சலுக்காக நான் கல்லாப் பக்கம் நின்றிருந்தேன். தம்பி சமையல்கட்டிலிருந்து உயிர் போய் அரை மணி நேரமே ஆன ஒரு முரலைக் கொண்டுவந்து, அவர்கள் முன்னாலேயே பிளந்து முள்ளைக் காட்டினார். அதுவும் பச்சைதான். அந்தப் பொறுமை எனக்கு வராது.

குறையும் உண்டு. ரசம் சுமார். இரண்டரை மணிக்கு மேல் கணவாய் கேட்டால் செருப்புத் தோலை மெல்லுவதுபோல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இறால் சின்னதாகிவிடும், விலை மட்டும் பெரிதாகவே இருக்கும். சாப்பாடு நூற்றைம்பது ரூபாய், மீன் தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத 61 நாட்களும் நாட்டுப்படகு மீனை வைத்துத்தான் கடை ஓடுகிறது. அப்போது வஞ்சிரம் கேட்பவர்களிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். ஐஸில் கிடந்ததை எடுத்து வைத்து ஏமாற்றுவதில்லை.

இனி வண்டிக் கதை. 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. அதற்கு முன் இந்தத் தீவுக்கு ரயிலை விட்டால் படகுதான். பாலம் வந்த பிறகும் எங்கள் தெருவுக்குள் வண்டி வந்ததில்லை. வருகிறவர்கள் நேரே ராமேஸ்வரம் போய்விடுவார்கள். 2022 டிசம்பரில் பழைய ரயில் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்றுதான் திறந்தது. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் எல்லோரும் சாலை வழியாகவே வந்தார்கள். இந்தக் கடை அப்போது தொடங்கியதுதான். ரயில் திரும்பிவிட்டது, வேன்கள் குறையவில்லை. இப்போது புதுப் பாலத்தைப் பார்க்கவென்றே ஒரு கூட்டம் வருகிறது, பார்த்து முடிந்ததும் பசிக்கிறது.

பசிப்பது தப்பில்லை. ஆனால் வேன் என் ஜன்னலை ஒட்டி நிற்கும்போது வீட்டுக்குள் பகல் அணைந்துவிடுகிறது. தைக்கிறவர்களுக்கு வெளிச்சம் என்றால் ஜன்னல் வெளிச்சம்தான். குழல் விளக்கில் அரக்கும் மெரூனும் ஒன்றாகவே தெரியும். சித்திரை மாதம் ஒரு கல்யாண ரவிக்கைக்கு அப்படித்தான் ஆயிற்று. வேன் மறைத்திருந்த ஒன்றரை மணி நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு கழுத்தும் கையும் தைத்து முடித்தேன். வண்டி நகர்ந்ததும் பார்த்தால் அரக்குத் துணியில் மெரூன் நூல் புழுப்போல ஊர்ந்து கிடக்கிறது. பட்டுத் துணியில் தையலைப் பிரித்தால் ஊசித் தடம் போகாது. புதுத் துணி என் காசில் வாங்கிக் கொடுத்தேன். அன்று அந்த வேன்காரர் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டே ஏறிப் போனார். ஏசி ஓடவேண்டும் என்று இன்ஜினை அணைக்காமல் நிறுத்துகிறவர்களும் உண்டு. டீசல் புகை நேராக மிஷின் மேல் வந்து விழும். தைத்து முடித்த துணியைக் கொடுப்பதற்கு முன் கொடியில் காயப்போட வேண்டியிருக்கிறது.

என் ஒருத்தியின் பாடு இதுவென்றால் பொறுத்துக்கொள்வேன். காலையில் தண்ணீர் பிடிக்கப் போகிற பெண்கள் தள்ளுவண்டியில் ஆறு குடம், எட்டுக் குடம் வைத்துத் தள்ளி வருகிறார்கள். மறுகுடம் பிடிக்கப் போனால் வேன்கள் வந்துவிடும். அப்புறம் வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேனுக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில் நடக்கிறார்கள். பூவரச மரத்தடியில் மீன் விற்கும் அக்கா இப்போது வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். நிழலில் கார் நிற்கிறது. அவருடைய கூடைக்கு வருகிற மீனும் மாறிவிட்டது. கரையில் ஏலத்திலேயே நல்லதைக் கடை எடுத்துவிடுகிறது, தெருவுக்குச் சூடையும் காரலும் மிச்சம். காரல் மட்டமான மீன் என்று சொல்லவரவில்லை, பிள்ளை பெற்றவர்களுக்கு அதைவிட நல்ல மீன் கிடையாது. ஆனால் எங்கள் கரையில் இறங்கிய பாறை மீனை நூற்றைம்பது ரூபாய்ச் சாப்பாட்டோடு தனிக்காசு கொடுத்துப் பார்க்க வேண்டியிருப்பது வயிற்றெரிச்சல்தான்.

பக்கத்துப் பெட்டிக்கடைப் பாட்டி வேறு கதை சொல்வார். அவருக்கு வியாபாரம் நன்றாக ஓடுகிறது. முன்பு உப்பு, வெற்றிலை, ஐந்து ரூபாய்த் தேங்காயெண்ணெய், கடன் நோட்டு. இப்போது தண்ணீர் பாட்டில், சிப்ஸ், பாசிமாலை. கடன் நோட்டை மடித்துப் பரணில் போட்டுவிட்டார். “உங்களுக்குக் கடன் கொடுத்து நான் என்னத்தைக் கண்டேன்?” என்று கேட்கிறார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேருக்கு அந்தக் கடையில் இறால் உரிக்கிற வேலையும் மீன் கழுவுகிற வேலையும் இருக்கிறது. தடைக்காலத்தில் வீட்டில் ஆண்கள் சும்மா இருந்தபோது அந்தக் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

அதே தடைக்காலத்தில்தான் பெரிய தகராறும் வந்தது. எதிர்வீட்டு மாமா தெருவில் வலையை விரித்துப் பொத்தல் கட்டிக்கொண்டிருந்தார். மதுரைப் பக்கத்து வேன் ஒன்று பின்னால் வந்து வலையின் மேல் ஏறி, டயரில் கண்ணி சிக்கியதும் முன்னால் இழுத்தது. ஒரு ஆள் நீளத்துக்கு வலை கிழிந்து, ஈயக்குண்டுகள் நான்கைந்து கழன்று என் வாசற்படிவரை உருண்டுவந்தன. ஓட்டுநர் இறங்கி, “ரோட்டில் யாராவது வலையை விரிப்பார்களா?” என்றார். மாமா வலை ஊசியைக் கீழே வைக்காமலேயே, “வலை எங்கப்பா காலத்திலிருந்து இங்கேதான் விரிகிறது தம்பி. ரோடுதான் பிறகு வந்தது” என்றார். கூட்டம் கூடிவிட்டது. கடைக்காரர் ஓடிவந்து, ஓட்டுநரிடம் வாங்கியது பாதி, தன் கையிலிருந்து பாதி என்று பணம் கொடுத்துச் சமாதானம் செய்தார். கிழிந்த இடத்தைக் கட்ட மாமாவுக்கு இரண்டு நாள் பிடித்தது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் நான்கைந்து பேர் கடைக்குப் போய் உட்கார்ந்து பேசினோம். கடைக்குப் பின்னால் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த ஒரு காலி மனை இருக்கிறது, உரிமையாளர் வெளிநாட்டில். தம்பி அதை வாடகைக்கு எடுத்து, மரத்தை வெட்டிச் சுத்தம் செய்தார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் அது கடல் மணல். முதல் வாரமே ஒரு காரின் டயர் பாதிவரை புதைந்து, சாப்பிட வந்தவர்கள் எழுந்துபோய்த் தள்ளினார்கள். அதிலிருந்து ஓட்டுநர்கள் யாரும் அங்கே போவதில்லை, கெட்டியான தரையென்று தெருவையே தேடுகிறார்கள். முன்பாதிக்குக் கிராவல் கொட்டியாகிவிட்டது. பின்பாதிக்கு “அடுத்த மாதம் அக்கா” என்கிறார். மூன்று அடுத்த மாதங்கள் போய்விட்டன.

சனி, ஞாயிறுகளில் ஒரு பையன் விசில் வைத்துக்கொண்டு நிற்கிறான். பூவரச மரத்திலிருந்து என் வீட்டுத் தூண்வரை ஒரு நைலான் கயிறும் கட்டுகிறான். அந்த இரண்டு நாளும் தெரு தெருவாக இருக்கிறது, அக்காவும் நிழலில் உட்காருகிறார். புதன்கிழமை விசிலும் இல்லை, கயிறும் இல்லை. அமாவாசை எந்தக் கிழமையில் வந்தாலும் அன்று காலையிலிருந்தே ஜன்னலைச் சாத்திவிடுகிறேன்.

சாப்பாட்டுக்கு ஐந்தில் நாலரை. வண்டி நிறுத்தத்துக்கு ஒன்றரை, அந்த அரை கயிற்றுக்கு. வருகிறவர்கள் பன்னிரண்டு மணிக்கு முன்னால் வாருங்கள், முரல் இருக்கும். காரில் வந்தால் கிராவல் போட்ட பாதியில் தாராளமாக நிறுத்தலாம், ஆறு கார் நிற்கும். வேனை நெடுஞ்சாலையோரம் விட்டுவிட்டு நடந்து வாருங்கள், நூறு அடிகூட இருக்காது. மூன்றாவது வீட்டில் நீல ஜன்னல் என்னுடையது. அதை மறைத்து நிறுத்தினால் நான் கத்த மாட்டேன், கத்தரிக்கோலால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டுவேன். சத்தம் கேட்டால் எழுந்துவந்து வண்டியை நான்கடி நகர்த்திவிட்டுப் போங்கள். அதற்குள் குழம்பு ஆறிவிடாது.