ஏஞ்சல் தொட்டிக்குத் துணை: டைகர் பார்பா, கப்பியா, நியானா, ரம்மி நோஸா?

வீட்டு மீன் தொட்டியில் ஏஞ்சல் மீன்தான் பிரதானம் என்று முடிவாகிவிட்டால் அடுத்து வரும் கேள்வி, கூட எதை விடுவது. என் 200 லிட்டர் தொட்டியில் நான் வைத்திருப்பது ரம்மி நோஸ் டெட்ரா என்ற சின்ன மீன்களின் கூட்டமும் அடியில் மேயும் கோரி மீன்களும். ஆகவே இந்த அலசலில் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது இப்போதே தெரிந்துவிட்டது. ஏன் சாய்கிறேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

தெரிந்த விஷயங்களை ஒரு வரியில் தாண்டிவிடுகிறேன். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், ஏஞ்சலோடு சேராது. ஆஸ்கர் போன்ற பெரிய வாய்க்காரர்கள் வேண்டாம். ஃபில்டரில் நல்ல பாக்டீரியா படியாத புதுத் தொட்டியில் எந்த ஜோடிப் பொருத்தமும் எடுபடாது.

இனி விஷயத்துக்கு வருவோம். பொருத்தம் பார்க்கும்போது பலரும் கடையில் பார்த்த ஏஞ்சலைத்தான் மனதில் வைத்துக்கொள்கிறார்கள். நாணயம் அளவில், பரம சாதுவாக, யார் வந்தாலும் ஒதுங்கிப்போகும் குட்டி அது. அந்தக் குட்டியோடு ஏறக்குறைய எதுவும் ஒத்துப்போகும். நாம் கணக்கில் எடுக்க வேண்டியது ஒரு வருடம் கழித்து அதே தொட்டியில் இருக்கப்போகிற மீனை. உடல் மட்டும் 12 முதல் 15 செ.மீ. வரை போகும்; மேல், கீழ்த் துடுப்புகளையும் சேர்த்தால் உயரம் 20 செ.மீ.-ஐத் தாண்டும். உடல் தட்டையாக, அழகாக இருப்பதால் நாம் மறந்துவிடுகிறோம், இது சிக்லிட் குடும்பம். ஜோடி சேர்ந்தால் இடம் பிடிக்கும்.

அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும். முட்டையிடப் போகும் ஜோடி, நிமிர்ந்து நிற்கும் ஓர் அகன்ற இலையையோ ஃபில்டர் குழாயையோ தேர்ந்தெடுத்து வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். சில சமயம் ஹீட்டர் மேலேயே இடம் பிடிக்கும். நடுநடுவே ஒன்றைப் பார்த்து ஒன்று உடம்பைச் சிலிர்த்துக்கொள்ளும். பிறகு நூற்றுக்கணக்கில் முட்டைகள், வரிசை வரிசையாக. அவை பொரிந்து குஞ்சுகள் நீந்தத் தொடங்க ஒரு வாரம், சற்றுக் கூடவும் ஆகலாம். அதுவரை தொட்டியில் பாதி அவர்களுடையது. அந்த எல்லைக்குள் வருகிறவருக்கு அடிதான். முட்டைகள் பிழைக்காமல் போனால் சில வாரங்களில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே துணை மீனிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி: வளர்ந்த ஏஞ்சலின் வாயில் நுழையாத உடம்பு இருக்கிறதா? இந்த நாட்களில் மூலையில் மாட்டிக்கொள்ளாமல் ஒதுங்கத் தெரியுமா?

டைகர் பார்ப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். பார்க்கத் துறுதுறுப்பு, கறுப்புப் பட்டை, நல்ல விறுவிறுப்பு. 6, 7 செ.மீ. வளர்வதால் வாய்ப் பிரச்சினை இல்லை. பிரச்சினை எதிர்த்திசையில். ஏஞ்சலின் வயிற்றிலிருந்து நூல்போலத் தொங்கும் இரண்டு துடுப்புகளை இவை கடித்துப் பார்க்காமல் விடாது. பெரிய கூட்டமாக விட்டால் சண்டையைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்பார்கள். குறையும் என்பது உண்மை. நிற்கும் என்று நம்பி ஏஞ்சலைப் பணயம் வைக்க மாட்டேன். பட்டையுள்ள பார்ப்தான் வேண்டுமென்றால் அதற்கென்று தனித் தொட்டி வைப்பதே அழகு.

கப்பி? ஆண் கப்பி 3 செ.மீ. சொச்சம். அந்த வால் அசைவே ஏஞ்சலுக்கு அழைப்பு மாதிரி. பெண் கப்பி மாதத்துக்கு ஒருமுறை குட்டி போடும், ஒரே சேர்க்கையை வைத்துப் பல மாதம் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குட்டிகளை ஏஞ்சல் தின்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்கும் என்று சிலர் இதையே வசதியாகச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அதற்குப் பெயர் துணை மீன் இல்லை, தீவனம். அதே குடும்பத்தில் மோலி, பிளாட்டி, ஸ்வோர்டு டெயில் உடல் அளவில் தேறும். உங்கள் தண்ணீர் தாது உப்புகள் கூடிய கடினத் தண்ணீர் என்றால் இந்த மூன்றும் என் தேர்வைவிட நல்ல தேர்வாகவே இருக்கலாம். குட்டி போடும் இந்த வகைகளுக்குக் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும். தொட்டியிலேயே தலைமுறைகளாக வளர்ந்த ஏஞ்சலும் மிதமான கடினத்தைச் சமாளித்துக்கொள்ளும்.

நியானில்தான் பலரும் விழுகிறார்கள். ஏஞ்சலும் அமேசான் பக்கம், நியானும் அமேசான் பக்கம், படத்தில் இரண்டும் சேர்ந்தால் கண்ணைப் பறிக்கும். ஆனால் காட்டு ஆறுகளிலும் ஏஞ்சல் சின்ன மீன்களைத் தின்கிற மீன்தான். 3 செ.மீ. நீளத்தில், பென்சில் போன்ற உடம்போடு இருக்கும் நியான் அதன் வாய்க்கு அளவெடுத்துத் தைத்தது. தின்றதை நாம் பார்க்கப் போவதில்லை. உடலும் கிடைக்காது, எண்ணும்போது ஒன்று குறையும், அவ்வளவுதான். இரண்டையும் சிறு வயதிலிருந்தே சேர்த்து வளர்த்தால் தின்னாது என்ற யோசனை கொஞ்ச காலம் பலிக்கும். போதாக்குறைக்கு நியான் விரும்புவது 21 முதல் 25 டிகிரி, ஏஞ்சலுக்கு 26, 27 என்றால் சுகம். கார்டினல் டெட்ரா அந்தச் சூட்டைத் தாங்கும், சற்றே பெரியதும்கூட. வாய்க்கணக்கில் அதுவும் தப்பாது.

ரம்மி நோஸ் 5 செ.மீ. வரை வளரும். அதே சூட்டில், 24 முதல் 28 டிகிரிக்குள், நிம்மதியாக இருக்கும். இதை நான் எடுத்ததற்கு முக்கியக் காரணம் அளவுகூட இல்லை, கூட்டம் போகிற விதம். டெட்ராக்களில் இவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து போகிறவை குறைவு. பன்னிரண்டுக்குக் குறையாமல் விட்டால், ஏஞ்சல் ஜோடி ஒரு பக்கத்தைப் பிடித்ததும் மொத்தக் கூட்டமும் மறுமுனைக்கு நகர்ந்து அங்கேயே சுற்றிக்கொள்ளும். தனியாக மாட்டி அடி வாங்குவதற்கு ஒரு மீனும் மிஞ்சாது. பிளாட்டியோ பார்போ அப்படி இல்லை, ஆளுக்கொரு பக்கம் மேயும்.

இன்னொரு லாபம், அந்தச் சிவப்பு மூக்கு. தண்ணீரில் ஏதோ சரியில்லை என்றால் மூக்கு வெளுத்துவிடும். காலையில் விளக்கைப் போட்டதும் வெளுத்துத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சற்று நேரத்தில் நிறம் திரும்பிவிடும். மத்தியானமும் வெளுப்பாகவே இருந்தால் தண்ணீர் மாற்ற வாளியை எடுக்க வேண்டியதுதான்.

குறையும் உண்டு. வந்த புதிதில் மிக நொய்ந்த மீன். சில மாதமாவது ஓடிய தொட்டியில்தான் விட வேண்டும், கொண்டுவந்த பையின் தண்ணீரோடு நம் தண்ணீரை மெதுவாகக் கலந்து பழக்க வேண்டும். வாரத்துக்கு 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்றுவதில் சோம்பல் கூடாது. கடையில் 2 செ.மீ. குஞ்சாகக் கிடைத்தால் அதுவும் வளர்ந்த ஏஞ்சலுக்கு வாய்க்கு அடக்கம்தான். தனியே வளர்த்துப் பிறகு சேர்ப்பது நல்லது. இன்னும் நல்ல வழி, டெட்ரா கூட்டத்தை முதலில் விட்டுவிட்டு, ஏஞ்சல்களைக் குட்டியாகக் கடைசியில் விடுவது.

அடிமட்டத்துக்கு சக்கர் மீனைத்தான் கடைக்காரர்கள் நீட்டுவார்கள். சாதா சக்கர் 30 செ.மீ.-க்கு மேல் வளரும். பசித்தால் இரவில் ஏஞ்சலின் தட்டை உடம்பில் ஒட்டிக்கொண்டு மேல் வழவழப்பை உறிஞ்சும். பாசிக்கு ஆள் வேண்டுமென்றால் 12, 13 செ.மீ.-ஓடு நின்றுவிடும் பிரிஸ்டில் நோஸ் என்ற சின்ன சக்கர் வகை போதும். என் ஓட்டு கோரிக்கு: மிருதுவான மணல், ஆறேழு பேர், அவ்வப்போது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்று. ஸ்டெர்பாய் கோரி ஏஞ்சலின் சூட்டைத் தாங்கும், பாண்டா கோரிக்கு அது அதிகம். ஒன்று மட்டும் தெரிந்தே ஒத்துக்கொள்ள வேண்டும்: இருட்டில் ஏஞ்சலால் காவல் காக்க முடியாது, முட்டைகளைக் கோரி துடைத்துவிடும். குஞ்சு பொரிப்பதுதான் நோக்கமென்றால் ஜோடிக்குத் தனித் தொட்டிதான்.

ஒரு ஜோடியோடு வைக்கவே கூடாத மீன் எது என்று கேட்டால், என் பதில் மூன்றாவது ஏஞ்சல். ஐந்தாறு குட்டி விட்டு ஜோடி சேர்ந்ததும் மீதியை எடுத்துவிட இடம் இல்லையென்றால், ஒற்றை ஏஞ்சலோடு நிறுத்திக்கொள்வது மேல்.

ரம்மி நோஸ் கிடைக்காத இடத்தில் லெமன் டெட்ராவைப் பார்க்கலாம். உடம்பு உயரமானது, விழுங்குவது கடினம். ஏஞ்சலோடு நான் வைத்ததில்லை, வைத்திருக்கும் நண்பர்களின் தொட்டிகளில் பார்த்ததோடு சரி; கூட்டம் ரம்மி நோஸ் அளவுக்கு இறுக்கமாக இல்லை. பிளாக் ஸ்கர்ட் டெட்ராவும் அளவில் தேறும், ஆனால் துடுப்பைக் கடிக்கும் பழக்கம் அதற்கும் கொஞ்சம் உண்டு, வாங்கினால் கூட்டமாக வாங்குங்கள்.