கிராண்ட்-கோர்ஸ் மாட்டுப்பண்ணை: புல்லைப் போராகக் குவிக்கும் இடத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்

யெல்லோஸ்டோன் பார்த்துவிட்டு கிளேசியர் பூங்காவுக்குப் போகிறவர்கள், நடுவில் வரும் டீர் லாட்ஜ் ஊரைப் பெட்ரோல் போடும் இடமாக மட்டும் நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். மொன்டானாவில் பியூட் நகரிலிருந்து சுமார் 60 கி.மீ., மிசூலாவிலிருந்து 130 கி.மீ. ஐ-90 சாலையில் 184-ஆம் எண் வெளிவழியில் இறங்கினால் சில நிமிடத்தில் பண்ணை வாசல். அமெரிக்க தேசியப் பூங்காத் துறையின் கீழ் 1972-இலிருந்து இருக்கிறது. கட்டணம் இல்லை. 1,600 ஏக்கர் சொச்சம் நிலம், எண்பதுக்கு மேற்பட்ட பழைய கட்டடங்கள், மேய்ச்சலில் நிஜமான மாடுகள், லாயத்தில் நிஜமான குதிரைகள். வழியில் ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்கலாம் என்று வராதீர்கள். அரை நாள் வேண்டும்.

எல்லோரும் முதலில் போவது பெரிய வீட்டுக்கு. வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள், குழுவும் சிறியது. அதனால் வந்தவுடன் நேரத்தைக் கேட்டுப் பதிந்துவிட்டு மற்ற இடங்களைச் சுற்றுவது நல்லது. 1862-இல் இதைக் கட்டியவர் ஜானி கிராண்ட். அவருடைய வியாபாரம் எளிமையானது. ஓரிகன் தடத்தில் மேற்கே குடியேறப் போகும் வண்டிக்காரர்களின் மாடுகள் நடந்து நடந்து எலும்பும் தோலுமாகியிருக்கும். அப்படி இளைத்த இரண்டை வாங்கிக்கொண்டு கொழுத்த ஒன்றைக் கொடுப்பார். இளைத்தவற்றை மொன்டானாப் பள்ளத்தாக்குகளில் மேயவிட்டால் அடுத்த ஆண்டு அவையும் கொழுத்துவிடும். மறுபடி தடத்துக்கு ஓட்டிப்போய் ஒன்றுக்கு இரண்டு. காசில்லாமல் மந்தை பெருகியது. அவர் மனைவி குவாரா ஷோஷோனி இனத்தவர். அந்த உறவு இல்லாமல் கிராண்ட் இந்த நாட்டில் காலூன்றியிருக்க முடியாது. வழிகாட்டியிடம் குவாராவைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்.

1866-இல் கான்ராட் கோர்ஸ் 19,200 டாலருக்குப் பண்ணையை வாங்கினார். இன்று ஜெர்மனியில் இருக்கும் ஹோல்ஸ்டைனில் பிறந்து, தங்கம் தேடி வந்து, சுரங்க முகாம்களில் கசாப்புக் கடை நடத்தியவர். 1890-இல் பின்பக்கம் செங்கல் கட்டடம் சேர்த்தார். மேசை, நாற்காலி, திரைச்சீலை எல்லாம் அந்தக் குடும்பத்துப் பொருள்களே, வெளியே வாங்கி வைத்தவை அல்ல. இருந்தாலும் வீட்டுக்குக் கொடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கைத் தொழுவங்களுக்கும் புல்வெளிக்கும் கொடுக்கச் சொல்வேன். இந்தப் பண்ணை ஏன் பிழைத்தது என்பதற்கான விடை அங்கேதான் கிடக்கிறது.

கோர்ஸின் மந்தைகள் ஒரு காலத்தில் நான்கு மாநிலங்களிலும் கனடாவிலுமாக ஒரு கோடி ஏக்கருக்கு மேல் மேய்ந்தன. வேலி கிடையாது, தீனி போடும் வழக்கமும் கிடையாது. குளிர்காலத்திலும் மாடே புல்லைத் தேடித் தின்ன வேண்டும். 1886 கோடையில் மழை பொய்த்து, மிதமிஞ்சிய மேய்ச்சலில் புல் மொட்டையானது. பனி முன்னதாகவே விழுந்தது. நடுவில் சற்று உருகி மறுபடி உறைந்ததில் மேலே பனிக்கட்டி ஓடு போலப் படிந்தது. குதிரை குளம்பால் பனியைக் கிளறி அடியிலுள்ள புல்லை எடுத்துக்கொள்ளும். மாடு அப்படிச் செய்யாது, மூக்கால்தான் தள்ளும். ஓடு கெட்டியானதும் மூக்கும் காலும் கிழிந்ததுதான் மிச்சம். வசந்தத்தில் ஓடைப் பள்ளங்களெல்லாம் பிணங்கள். கோர்ஸைத் தூக்கி நிறுத்தியது பியூட் வங்கியாளர் ஏ. ஜே. டேவிஸ் தந்த 1,00,000 டாலர் கடன். கோர்ஸோடு தொழில் செய்த கிரான்வில் ஸ்டுவர்ட், தீனியும் கூரையும் தர முடியாத ஒரு உயிரை இனி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று மனம் வெறுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் இந்த நாட்டில் உலர்புல்லுக்கு மரியாதை வந்தது. புல்வெளி ஓரத்தில் மரத்தால் செய்த பெரிய சறுக்குமேடை மாதிரி ஒன்று நிற்கும். பெயர் பீவர்ஸ்லைடு, உலர்புல்லைப் போராகக் குவிக்கும் சாதனம். பக்கத்துப் பிக் ஹோல் பள்ளத்தாக்கில் 1900-களின் தொடக்கத்தில் பிறந்தது. லாட்ஜ்போல் பைன் மரங்களை வரிசையாகச் சாய்த்துக் கட்டிய தளம், அதன் மேல் ஏறி இறங்கும் பல் வைத்த தட்டு, கம்பிவடமும் கப்பிகளும், போர் பக்கவாட்டில் சரியாமல் இருக்கத் தடுப்புகள். சீப்பு போன்ற வண்டி புல்லை வாரிக் கொண்டுவந்து தட்டில் தள்ளும். மறுபக்கம் குதிரைச் சோடி நேராக நடக்க, வடம் இழுபட்டுத் தட்டு மேலேறும். உச்சியில் புல் அந்தப் பக்கம் விழும். குதிரை பின்னுக்கு வந்தால் தட்டு கீழே இறங்கும். இப்படி ஒரு போரில் சுமார் 20 டன் ஏற்றலாம்.

நம்மூரில் வைக்கோற்போர் போட்டவர்களுக்கு மேலே நிற்கும் ஆளின் வேலை சொல்லாமலே புரியும். நடுப்பகுதி எப்போதும் ஓரத்தைவிட உயர்ந்திருக்க வேண்டும், மிதித்துக்கொண்டே வர வேண்டும். நடு பள்ளமானால் மழைநீர் உள்ளே இறங்கி வயிறு அழுகிவிடும். ஈரம் போகாத புல்லை ஏற்றினால் உள்ளே சூடேறிக் கருகும், சில நேரம் தானே தீப்பற்றும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 12 கிலோ என்று வைத்தாலும் ஐந்து மாதத்துக்கு 1.8 டன் ஆகிறது. ஒரு போர் பதினோரு மாட்டுக்குத்தான் வரும். ஆயிரம் மாட்டுக்குத் தொண்ணூறு போர். கோர்ஸ் ஆண்டுக்குப் பத்தாயிரம் மாடு சிகாகோவுக்கு ரயிலேற்றியவர். மந்தைகள் ஏன் சுருங்கின என்பதை அந்தச் சறுக்குமேடையின் அடியில் நின்று கணக்குப் போட்டால் விளங்கிவிடும்.

கொல்லர் பட்டறையில் சூட்டுக்கோல்களைக் காட்டச் சொல்லுங்கள். கோர்ஸின் மாட்டுக் குறி 'சி.கே.', அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள். சூடு போடுவதில் பலர் நினைப்பதற்கு நேர்மாறு, கோல் செக்கச் சிவந்திருக்கக் கூடாது. சாம்பல் பூத்த நிறத்துக்கு வந்ததும்தான் வைக்க வேண்டும், நாலைந்து நொடி போதும். சிவந்த கோல் முடியைக் கொளுத்தி, தோலை ஆழமாக வேகவைத்து, ஆறும்போது எழுத்தைக் குழப்பிவிடும். ஆறிய கோலோ முடியை மட்டும் தீய்க்கும், அடுத்த பருவத்தில் குறி மறைந்துவிடும். நனைந்த தோலில் வைத்தால் ஆவி பரவிக் குறி அப்பிக்கொள்ளும். எழுத்தின் உள்மூலைகளில் சிறு இடைவெளி விட்டிருப்பதும் இதற்காகத்தான்: மூலையில் சூடு குவிந்தால் அந்த இடம் ஒரே புண்ணாகிவிடும்.

கோடையில் சக்வேகன், அதாவது மேய்ச்சல்வெளிச் சமையல் வண்டி, விரித்து வைத்திருப்பார்கள். பின்பக்கத்துப் பெட்டியின் கதவைக் கீழே இறக்கி ஒரு காலை ஊன்றினால் அதுவே மேசை. மாவு, பீன்ஸ், காப்பிக்குத் தனித்தனி இழுப்பறைகள். வண்டிக்கு அடியில் தொட்டில் போலக் கட்டிய தோலில் விறகும் காய்ந்த சாணமும். மூடியில் விளிம்பு வைத்த மூன்று கால் இரும்புச் சட்டியைக் கவனியுங்கள். கங்கில் மூன்றில் இரண்டு பங்கு மூடிமேல், ஒரு பங்கு அடியில். மாற்றி வைத்தால் ரொட்டியின் அடி கரிந்து மேலே பச்சை மாவாகவே நிற்கும். காப்பி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். கொதிக்கும் நீரில் தூளைப் போட்டு, இறக்கிய பின் கொஞ்சம் குளிர்ந்த நீர் தெளித்து மண்டியை அடியில் இறக்குகிறார்கள். சுவை கசப்பாக, திடமாக இருக்கும். பாலை எதிர்பார்க்க வேண்டாம்.

குறைகளும் உண்டு. பண்ணைக்குள் சாப்பாடு கிடைக்காது, டீர் லாட்ஜ் ஊரில் முடித்துக்கொண்டு வாருங்கள். நிழல் குறைவு. 1,300 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் பகலில் வெயில் சுள்ளென்று ஏறும், மாலையில் சட்டென்று குளிரும். மூடிய காலணி அவசியம், சாணம் இல்லாத இடம் தேட வேண்டியிருக்கும். கிளார்க் ஃபோர்க் ஆற்றங்கரையில் பாதையை விட்டு இறங்காதீர்கள். 1908 வெள்ளம் பியூட், அனகொண்டா சுரங்கக் கழிவை, தாமிரமும் ஆர்சனிக்கும் கலந்து, இந்தக் கரையில் படியவிட்டுப் போனது. அண்மை ஆண்டுகளில் அந்த மண்ணை வாரி எடுத்துப் புதிதாக நட்டிருக்கிறார்கள். செடிகள் வேர்பிடிக்க நாம் ஒதுங்கி நடக்கலாம்.

புல் அறுத்துப் போர் போடும் வேலை ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. பீவர்ஸ்லைடை எல்லா நாளும் இயக்குவதில்லை. குதிரை, ஆள், காய்ந்த புல் மூன்றும் ஒன்றாக அமைய வேண்டும். கிளம்பும் முன் பண்ணை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டு, அந்த நாளைப் பார்த்துப் போங்கள்.