லேசர் கண் சிகிச்சை: பத்தாண்டுகளுக்குப் பிறகு

பள்ளி நாட்களிலேயே கண்ணாடி போட்டு, இரு கண்களிலும் பவர் மைனஸ் ஐந்தைத் தாண்டிய நிலையில், முப்பதை நெருங்கும் வயதில் சென்னையில் லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. முதல் வாரத்து மகிழ்ச்சியைப் பலரும் எழுதிவிட்டார்கள். அடுத்து வரும் ஆண்டுகளைப் பற்றித்தான் யாரும் விரிவாகச் சொல்வதில்லை.

கண்ணின் முன்புறம் கண்ணாடி போல இருக்கும் கருவிழியின் (கார்னியா) நடுப்பகுதி பொதுவாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான தடிமனில் இருக்கும். எனக்கு 490தான் இருந்தது. ஒரு பவரைக் குறைக்க ஏறத்தாழ 12 முதல் 15 மைக்ரான் திசுவை நீக்க வேண்டும் என்பதாலும், லேசிக் என்ற பரவலான லேசர் முறையில் அதற்கு முன் மேலே ஒரு படலத்தையும் வெட்டித் திறக்க வேண்டும் என்பதாலும், வெட்டே இல்லாத பிஆர்கே முறைதான் எனக்குப் பாதுகாப்பு என்றார் மருத்துவர். மேல்தோலை மட்டும் வழித்தெடுத்துவிட்டு, மின்னும் விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். லேசரின் படபடவென்ற ஓசையும் முடி கருகும் வாடையும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன. வலி அன்று மாலைதான் தொடங்கியது. மேல்தோல் வளரும்வரை பாதுகாப்பு லென்ஸுடன், கண்ணீர் வழிய, இருட்டறையில் படுத்துக் கிடந்தேன். பார்வை முழுதாகத் தெளியப் பல வாரங்கள் ஆயின. லேசிக் செய்துகொண்டவர்கள் மறுநாளே தெளிவாகப் பார்ப்பதைக் கேட்டு, பிஆர்கே செய்துகொண்டவர்கள் மனம் தளர வேண்டாம்.

இந்தச் சிகிச்சைகளில் பயன்படுவது எக்ஸைமர் என்ற புற ஊதா லேசர். சுற்றியுள்ள திசுவைச் சுடாமல் அடுக்கடுக்காக நீக்கும் அதன் தன்மையை 1981இல் அமெரிக்காவின் ஐபிஎம் ஆய்வகத்தில் சகாக்களுடன் கண்டறிந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். நம் ஊர்க்காரர் ஒருவரின் பங்கு இதில் இருப்பது எனக்கு இன்றும் பெருமிதம் தருகிறது.

தூரப் பார்வை இன்றுவரை நன்றாகவே இருக்கிறது. கண் வறட்சி முதல் ஆண்டில் கடுமையாக இருந்தது. கருவிழியின் நுண்நரம்புகள் மீண்டும் வளரக் காலம் பிடிக்கும் என்று விளக்கினார்கள். இப்போதும் ஏசி அறையில் நாள் முழுவதும் கணினி பார்த்தால் சொட்டு மருந்து தேவைப்படுகிறது. இரவில் எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றித் தெரிந்த ஒளிவட்டம் வெகுவாகக் குறைந்துவிட்டாலும், மழை இரவுகளில் நெடுஞ்சாலையில் ஓட்டுவதை இன்றும் தவிர்க்கிறேன்.

ஆனால், லேசர் மாற்றுவது கருவிழியின் வளைவை மட்டுமே; நீண்டு வளர்ந்த கிட்டப்பார்வைக் கண் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. கண்ணாடி போய்விட்டாலும் விழித்திரை விலகும் அபாயம் போய்விடாது. கண்ணாடி இல்லையே என்று கண் மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்தும் வந்துவிட்டது. சிகிச்சை செய்யாதிருந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்திருப்பேன். இப்போது மருந்துச் சீட்டைப் படிக்கவே தனிக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. இதைச் சிகிச்சைக்கு முன்பே ஒவ்வொருவருக்கும் சொல்லியாக வேண்டும்.

பிற்காலத்தில் கண்புரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடும்போது, லேசரால் மாறிய கருவிழி கணக்கைப் பிசகச் செய்யக்கூடும். ஆகவே சிகிச்சைக்கு முந்தைய பவர், கருவிழி வளைவு, தடிமன் ஆகிய அளவுகள் கொண்ட அறிக்கைகளை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, வீட்டில் ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.